வெள்ளிக் கொம்பின் மூடி

வெள்ளிக் கொம்பிலிருந்து மது வரவில்லை.

பாரசீகத்து மாகாண அதிபதியின் ஒன்பது நாள் விருந்தில் அன்று ஐந்தாம் நாள். அயல்நாட்டுத் தூதர் கொம்பை உயர்த்தினார். அதன் அடியில் மலையாட்டின் தலையும் மார்பும், மார்பில் ஒரு சின்னத் துளை. துளையை விரலால் அடைத்துக்கொண்டு மேலே ஊற்றச் சொல்ல வேண்டும். விரலை எடுத்தால் மது நூல்போல் கிண்ணத்தில் இறங்க வேண்டும். நாலு சொட்டு விழுந்தது. அப்புறம் இல்லை.

கொம்புக்கு அடி தட்டை கிடையாது. காலியாகாமல் கீழே வைக்க முடியாது. தூதர் அதைப் பிடித்தபடி நின்றார். ஆடு இன்னும் குட்டி போடவில்லை, அதற்குள் கறந்தால் எப்படி என்று ஒருவன் சொன்னான். கூடம் சிரித்தது. அதிபதி சிரிக்கவில்லை.

கொம்பைச் செய்தவர் பகதாதா. வயது ஐம்பத்தெட்டு. எங்கோ ஓர் ஊரில் முப்பது வருஷம் வெள்ளி தட்டிவிட்டு, போதாது என்று தோன்றி, உஷ்தானாவிடம் சீடராக வந்து சேர்ந்தவர். ஆசானுக்கு நாற்பத்தொன்றுதான் நடந்தது.

அரண்மனைக் காரியக்காரர் பட்டறைக்கு வந்தார். எட்டாம் நாள் தூதர் மறுபடி அந்தக் கொம்பில்தான் குடிப்பார், அன்றும் வராவிட்டால் செய்தவனின் வலக் கை போகும் என்றார். அலுப்போடுதான் சொன்னார். அந்த வாரத்தில் அவர் சொன்ன மூன்றாவது கை அது.

பகதாதா பட்டறையில் மூடியை எடுத்து வைத்துவிட்டுத் தண்ணீர் ஊற்றிப் பார்த்தார். கொட்டியது. ஆறாம் நாள் கூடத்தில் மது ஊற்றிப் பார்த்தார்கள். நின்றது. மதுவில் கசடு என்றார். மூன்று முறை வடிகட்ட வைத்தார். நின்றது. துளையை ஓர் இழை பெரிதாக்கினார். அப்போதும் நின்றது.

ஏழாம் நாள் ஆசானிடம் போனார். உஷ்தானா சுவரில் சாய்ந்து முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார். விருந்துக் கூடத்தில் ஏழு நாளாக நின்ற கால்.

"இங்கே வருகிறது. அங்கே வருவதில்லை. ஏன், ஆசானே?"

"மூடியைப் பார்த்தீரா?"

பகதாதாவுக்குச் சுருக்கென்றது. அந்த மூடிதான் அவர் பெருமை. போன வருஷம் ஒரு பிரபுவின் கோப்பையில் ஈ விழுந்துவிட்டது. அதனால் இந்த வருஷம் எல்லாக் கோப்பைக்கும் மூடி. ஊற்றியதும் மூடிவிட வேண்டும், திறந்தபடி விருந்தாளியிடம் நீட்டக் கூடாது என்று உத்தரவு. பகதாதா தன் மூடியின்மேல் சிறகு விரித்த சிங்கத்தை எழுப்பியிருந்தார். பிடரியை மயிர் மயிராகச் செதுக்கியிருந்தார். வாய்க்கும் மூடிக்கும் நடுவே ஒரு தலைமுடியை நுழைத்துக் காட்டு என்று பட்டறையில் எல்லோரிடமும் பந்தயம் கட்டியவர்.

"மூடியில் ஒரு குறையும் கிடையாது" என்றார்.

உஷ்தானா கண்ணை மூடிக்கொண்டார். "அப்படியானால் எனக்குத் தெரியாது. பாத்திரம் கழுவுகிற முற்றத்தில் போய்க் கேளும்."

பகதாதா போகவில்லை. முப்பது வருஷம் வெள்ளி தட்டியவன் எச்சில் கழுவுகிறவர்களிடம் போய் நிற்பதா? அன்று முழுக்க உட்கார்ந்து வலக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எட்டாம் நாள் தூதர் கொம்பை உயர்த்தினார். மூடியை மூடினார்கள். விரலை எடுத்தார்.

மது நூல்போல் இறங்கியது.

அதிபதி தன் சால்வையைக் கழற்றிப் பகதாதாவின் தோளில் போட்டார். துளையைப் பெரிதாக்கியதுதான் காரணம், கசடு இப்போதுதான் விலகியிருக்கிறது என்று பகதாதா நாலு பேரிடம் விளக்கினார். பிறகு கொம்பைக் கையில் வாங்கினார். முகம் மாறியது.

நேராக ஆசானிடம் வந்தார்.

"சிங்கத்தின் கண்ணை எவனோ குத்தியிருக்கிறான். மூடி ஓட்டை."

"ம்."

"யார் என்று தெரிய வேண்டும். காரியக்காரரிடம் சொல்ல வேண்டும்."

"சொன்னால்?"

அப்படியானால் மதுவை நிறுத்தியது யார் செய்த மூடி என்று காரியக்காரர் கேட்பார்; அது பகதாதாவுக்குத் தெரியும்.

உஷ்தானா காலை மெல்ல நீட்டிக்கொண்டார்.

"உம்மைப் போகச் சொன்னேன். நீர் போகவில்லை. இந்தக் காலை இழுத்துக்கொண்டு நான் போனேன். உம் கொம்பைக் கழுவுகிற பெண், அதோடு தினம் சண்டை என்றாள். மூடினால் அலசின தண்ணீர் உள்ளேயே நிற்கிறதாம், திறந்தால் இறங்குகிறதாம். அந்தப் பெரியவர் கீழ்த் துளையை எதற்குப் போட்டு நோண்டுகிறார் என்று கேட்டாள். இறைச்சி சுடும் கம்பியை எடுத்து, குத்தட்டுமா என்றாள். கண்ணில் குத்து, அசிங்கமாகத் தெரியாது என்றேன்."

பகதாதா தோளிலிருந்த சால்வையை எடுத்தார். வலக் கையால் அதை நாலாக மடித்தார்.

"அவள் பெயர் என்ன, ஆசானே?"

"நாலு நாளாக உம் கொம்பைக் கழுவுகிறாள். இன்றைக்குக் கேட்கிறீர்" என்றார் உஷ்தானா. "வர்தா."