கசடு

அம்மன் சிலை வார்த்த அன்று ஊர்ப் பெண்கள் தோட்டையும் மூக்குத்தியையும் கழற்றி உலோகக் குழம்பில் போட்டார்கள். வார்த்தது போக ஒரு கட்டி மிஞ்சியது. அதைத் தர்மகர்த்தா நமச்சிவாயம் மடியில் வைத்துக்கொண்டார். தங்கள் தங்கம் அதில் இருக்கிறதென்று பெண்கள் கேட்டபோது அவர் சொன்னார்:

“செம்பும் ஈயமும் கலந்த கசடு, காசு பெறாது. தங்கம் குழம்பில் விழவே இல்லை. துருத்தி ஊதின சடைச்சிதான் சுருட்டிட்டா. இல்லேன்னா, உரசாம உருக்காம இதில தங்கம் இருக்குன்னு காட்டட்டும். முடியாட்டி ஊரைவிட்டுப் போகட்டும்.”

சடைச்சி கட்டியைத் தொடவில்லை.

“எசமான் சொன்னாச் சரி. கசடுதானே, கோயில் கதவு காத்துக்கு அடிச்சுக்குது. வாசல்ல முட்டுக் கொடுத்து வச்சிடலாம்.”

“போடி பைத்தியக்காரி! விடியறதுக்குள்ள எவனாவது தூக்கிட்டுப் போயிடுவான்!”

சொன்ன பிறகுதான் அவர் நிமிர்ந்து பார்த்தார். பெண்கள் யாரும் சிரிக்கவில்லை. ஒருத்தி மட்டும் முன்னால் வந்து முந்தானையை ஏந்தினாள்.