நாற்பத்தொரு மிதவைகள்

குருவுக்கு வயது முப்பத்தொன்பது. சீடருக்கு ஐம்பத்திரண்டு. இதைச் சொல்லிச் சொல்லியே அந்த ஆய்வுக் கப்பலில் எல்லோரும் சிரித்தார்கள். மாசிலாமணி அதைக் காதில் போட்டுக்கொள்வதில்லை. கடற்படையிலிருந்து ஓய்வுபெற்று வந்தவருக்குக் கடலின் சூட்டை அளக்கப் பொறுமையாகக் கற்றுக்கொடுத்தவர் அருள்மேரிதான்.

அருள்மேரி ஏழு வருஷம் உழைத்து ஒரு கருவி செய்திருந்தார். அது இப்போது செயற்கைக்கோளில் இருந்துகொண்டு, கடலிலிருந்து எழும் அகச்சிவப்புக் கதிரைப் பார்த்துத் தண்ணீர் எத்தனை டிகிரி என்று சொல்கிறது. சொல்வது சரியா என்று, வெப்பமானி பொருத்திய மிதவைகளைக் கடலில் போட்டு அளந்து பார்க்கத்தான் கப்பல் வங்கக் கடலுக்கு வந்திருந்தது. சரியில்லை என்றால் அடுத்த செயற்கைக்கோளில் அந்தக் கருவிக்கு இடமில்லை.

அன்று காலை மாசிலாமணி அறிக்கையை நீட்டினார்.

"பாஸாயிட்டு டீச்சர். மிதவைங்க அளந்ததும் மேலேருந்து பார்த்ததும் அப்படியே ஒத்துப்போகுது."

அருள்மேரி புரட்டினார். "இருநூறு மிதவை போட்டோம். இதுல நூத்தம்பத்தொம்பதுதான் இருக்கு."

"நாப்பத்தொண்ணு கோளாறு. எடுத்துட்டேன்."

"கோளாறுன்னு எப்படித் தெரிஞ்சுது?"

"நம்ம கருவி சொன்னதைவிட அரை டிகிரிக்கு மேல கூடக் காட்டுச்சு."

"யாரைச் சோதிக்க வந்தோம் அண்ணாச்சி?"

மாசிலாமணிக்குச் சுருக்கென்றது. ஆனாலும் விட்டுக்கொடுக்கவில்லை.

"மிதவையும் மிஷின்தானே? கெட்டுப்போகும்லா?"

"கெட்டுப்போகும். ஒண்ணு கூடக் காட்டும், ஒண்ணு குறைச்சுக் காட்டும். நாப்பத்தொண்ணும் கூடிப் பேசி வச்சுக்கிட்டா ஒரே பக்கமா காட்டுச்சு?"

"மேலேருந்து பார்த்தா கடலோட மேல்தோல்தான் தெரியும், அது கொஞ்சம் குளிர்ந்திருக்கும்னு நீங்கதானே சொன்னீங்க?"

"அந்த வித்தியாசத்தைக் கணக்குல சேர்த்தாச்சா?"

"சேர்த்தாச்சு."

"அப்ப நாப்பத்தொண்ணையும் திருப்பிச் சேருங்க."

"முடியாது டீச்சர்."

அவரிடம் முடியாது என்று மாசிலாமணி சொன்னது அதுவே முதல் தடவை. சொன்ன பிறகு நிறுத்தவும் முடியவில்லை.

"உங்களைக் கவிழ்க்க ஆபீஸ்ல ஆள் காத்துக் கிடக்கு. அவங்களுக்கு என் கையாலேயே எடுத்துக் குடுக்கணுமா? மாட்டேன்."

வானத்தில் ஒரு பொட்டு மேகம்கூட இல்லை. பத்தரை மணிக்குச் செயற்கைக்கோள் தலைக்கு மேலே கடந்த நேரம், அருள்மேரி கயிறு கட்டிய வாளியை மாசிலாமணியின் கையில் கொடுத்தார்.

"அள்ளுங்க."

மாசிலாமணி கப்பலின் முன்பக்கம் போய் அள்ளினார். வெப்பமானியை வைத்து மூன்று தடவை பார்த்தார். இருபத்தொன்பது புள்ளி எட்டு. கொஞ்ச நேரத்தில் கருவியின் கணக்கு திரையில் வந்தது. மேல்தோலுக்குக் கூட்ட வேண்டியதைக் கூட்டிய பிறகும், சரியாக இருபத்தொன்பது.

"அரை டிகிரிக்கு மேல போயிட்டு. உங்க சட்டப்படி இந்த வாளி கோளாறு. கொட்டுங்க."

மாசிலாமணி வாளியோடு கைப்பிடிச் சுவர்வரைக்கும் போனார். கை வரவில்லை. கோபம் கோபமாக வந்தது.

"கொட்ட மாட்டேன். இது சரியான அளவு. நானே அள்ளினேன், நானே பார்த்தேன். யார் வந்து கேட்டாலும் சொல்லுவேன்."

"அந்த நாப்பத்தொண்ணுக்கு இப்படிச் சண்டை போட அங்க ஆள் இல்லை."

மாசிலாமணி வாளியைக் கீழே வைத்தார். உள்ளே போய் உட்கார்ந்து, கணக்கிலிருந்து நீக்கிய மிதவைகளை ஒவ்வொன்றாகத் திருப்பிச் சேர்த்தார். காற்றில் ஈரம் அதிகமாக இருந்த இடத்திலெல்லாம் கருவி முக்கால் டிகிரி குறைத்துச் சொல்கிறது என்பது பளிச்சென்று தெரிந்தது. 'தேறவில்லை' என்று எழுதும்போது அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

அதற்குக் கீழே, கருவி செய்தவர் பெயருக்கு ஒரு கட்டம் இருந்தது.

"டீச்சர், இந்த இடத்துல 'ஆய்வுக் குழு'ன்னு மட்டும் போட்டுடுறேனே?"

"முழுப் பேரையும் எழுதுங்க அண்ணாச்சி. இனிஷியலோட எழுதுங்க. வேற எந்த அருள்மேரியையாவது சந்தேகப்பட்டுடப் போறாங்க."