ஒரு நொடி இருட்டு

"இந்த லைட் அணையாம இருக்க ஒரு வழி சொல்லுங்க டீச்சர்" என்றார் கிருபாகரன்.

அவருக்கு அறுபது தாண்டிவிட்டது. சஃபியா டீச்சருக்கு முப்பதுகூட ஆகவில்லை. கையகலக் கம்ப்யூட்டர் போர்டை வைத்து விளக்கு எரியவைக்க அவரிடம்தான் கிருபாகரன் கற்றுக்கொண்டார்.

மனைவி வத்சலா முன்னறையில் ஆக்சிஜன் மெஷினோடு படுத்திருந்தார். சமையலறை வீட்டின் கடைசியில். குக்கர் சத்தத்தில் மெஷின் நின்றாலும் கேட்காது.

அதற்காகத்தான் சமையலறைச் சுவரில் அந்தப் பச்சை விளக்கு. போர்டு நொடிக்கு ஒருதரம் மெஷினைப் பார்க்கும். ஓடினால் விளக்கை அணைத்து ஏற்றும். நின்றுவிட்டால் அணைத்ததோடு சரி.

"ஒவ்வொரு தடவை அணையிறப்பவும் உயிரே போயிடுது டீச்சர். காய் நறுக்க முடியல."

"அணைஞ்சது திரும்ப எரியுதுல்ல?"

"எரியுது."

"அப்புறம் என்ன சார்?"

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். இவருக்கு ஒரு நொடி இருட்டே போதும். வீட்டுக்குப் போனதும், மெஷின் ஓடும்வரை விளக்கு சிமிட்டாமல் எரியும்படி ப்ரோகிராமை மாற்றிவிட்டார்.

அடுத்த வாரம் சிரித்த முகத்தோடு வந்தார்.

"இப்ப சிமிட்டுறதே இல்ல டீச்சர். மத்தியானம் கொஞ்சம் கண்ணசரக்கூட முடியுது."

சஃபியா சிரிக்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டார்.

"வாங்க, உங்க வீட்டுக்குப் போவோம்."

கிருபாகரன் டீ போட உள்ளே போனார். சஃபியா வத்சலாவின் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"ரெண்டு நிமிஷம் மெஷினை நிறுத்தட்டுமாம்மா?"

"நான் தாங்குவேன். அவர்தான் தாங்கமாட்டார்."

சஃபியா மெஷினை நிறுத்தினார். உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்.

"சார், லைட் எரியுதா?"

"ஜோரா எரியுது டீச்சர்."

"இப்ப?"

"எரியுதே. நீங்களே வந்து பாருங்க."

பதில் வராததால் அவரே முன்னறைக்கு வந்தார். மெஷின் சத்தமில்லாமல் நின்றது. வத்சலா வாயால் மூச்சு வாங்கிக்கொண்டு அவரையே பார்த்தார்.

சஃபியா மெஷினை மறுபடி ஓடவிட்டார். வத்சலாவுக்கு மூச்சு சீரானது.

"அங்க லைட் எரிஞ்சுக்கிட்டே இருந்துச்சே டீச்சர்!"

"மெஷின் நின்னப்பவும் எரிஞ்சுதுன்னா, போர்டு உறைஞ்சு நின்னுபோச்சு சார். கடைசியா ஏத்தின விளக்கை அணைக்க ஆளில்ல. சிமிட்டிட்டு இருந்திருந்தா, சிமிட்டல் நின்னதுமே தெரிஞ்சிருக்கும்."

கிருபாகரன் சிரிக்க முயன்றார்.

"எனக்குப் புரியணும்னு நீங்கதானே போர்டை நிறுத்தி வச்சீங்க?"

"நான் அதத் தொடவே இல்ல சார்."