ஐந்தாவது ஜோடி

கோயமுத்தூரிலிருந்து சிறுவாணி போகிற சாலையில், மாதம்பட்டிக்கு அப்பால், ஒரு தகரக் கொட்டகையில் கோகிலவாணி சைக்கிள் பழக்கிக்கொண்டிருந்தாள். வயது முப்பத்தெட்டு. ஒரு காலத்தில் ரயில்வே அணிக்காகப் பந்தயம் ஓட்டியவள். சாலையில் போகிற சைக்கிளின் செயின் சத்தத்தைக் கேட்டே, ஓட்டுகிறவர் காலையில் இட்லி தின்றாரா தோசை தின்றாரா என்று சொல்லிவிடுவாள் என்பார்கள். ஒரே ஒரு முறை தவறியது. அன்றைக்கு ஓட்டியவர் ஏகாதசி விரதம்.

அவளிடம் பழகியவர்களில் தேவசிகாமணிதான் மூத்தவர். ஐம்பத்திரண்டு வயது. பீளமேட்டில் பம்ப்செட் செய்கிற பட்டறை வைத்திருந்தார். வாரம் முந்நூறு கிலோமீட்டர் மிதிப்பார். கன்னியாகுமரி வரைக்கும் மிதித்துப் போய், கடலைத் தொட்டுவிட்டு, அப்படியே மிதித்துத் திரும்ப வேண்டும் என்பது அவர் ஆசை.

ஒரு நாள் காலை அவர் கொட்டகைக்கு வந்தார். ஷூவைக் கழற்றி மேசை மேல் வைத்தார்.

இவர்கள் போடுகிற ஷூ நாம் போடுகிற ஷூ அல்ல. அடிப்பாகம் பலகை மாதிரி விறைத்திருக்கும். அதில் உள்ள கொக்கி பெடலைக் கவ்விக்கொள்ளும். கவ்விய பிறகு காலும் சைக்கிளும் ஒரே உடம்பு.

"கோச், இந்தக் கம்பெனி ஷூ என் காலுக்கு ஆகலீங்க. வேற எந்தக் கம்பெனி வாங்கறது?"

"என்ன பண்ணுதுங்ணா?"

"எரியுதுங்க. இடது காலு. தோசைக்கல்லு மேல வச்ச மாதிரி."

"ஷூவைக் கழட்டுனா?"

"கழட்டுனாலும் கொஞ்ச நேரம் எரியுது."

"எத்தன நேரம்?"

தேவசிகாமணி யோசித்தார்.

"மறுபடி ஷூவைப் போடற வரைக்கும்."

கோகிலவாணி ஷூவை அவர் பக்கமே தள்ளி வைத்தாள்.

"ரத்தம் சோதிச்சுப் பாருங்ணா. சர்க்கரை இருக்கான்னு."

தேவசிகாமணி சிரித்தார். "அது உக்காந்து திங்கறவனுக்கு வர்றதுங்க. நான் திங்கற கடலை மிட்டாயெல்லாம் தொண்டாமுத்தூர் தாண்டறதுக்குள்ள ஆவியாப் போயிருது."

மிதிக்கிறவர்கள் பலருக்கும் இந்த நம்பிக்கை உண்டு. புறப்படும் முன் பேரீச்சம்பழம், நடுவழியில் கடலை மிட்டாய், திரும்பியதும் ஜிலேபி. வண்டிக்கு டீசல் என்பார்கள். தேவசிகாமணியின் சட்டைப்பையைச் சுற்றி எறும்புகள் வந்ததாகவும், அவர் எறும்பு மருந்துக் கம்பெனியையும் மாற்றிப் பார்த்ததாகவும் சொல்வார்கள்.

"உங்க பட்டறையில பேரிங் சூடானா என்ன பண்ணுவீங்ணா?"

"பேரிங்கை மாத்துவோம்."

"உள்ள சுத்தற ஷாஃப்ட்டை அளந்து பாக்க மாட்டீங்களா?"

"அளக்காம எப்படிங்க?"

"இங்க அளந்தீங்களா?"

"ஷூ ஒம்பதாம் நம்பர்," என்றார் தேவசிகாமணி.

அவர் இத்தாலிக்காரன் செய்த ஷூவை வாங்கினார். வெள்ளை நிறம். கொக்கின் அலகு மாதிரி ஒடுங்கிய முனை. இரண்டு மாதம் கழித்து வந்தார்.

"எரிச்சல் போயிருச்சுங்க."

"இப்ப?"

"ஊசி குத்தற மாதிரி இருக்குது. முனை கொஞ்சம் குறுகலு. ஆனா எரிச்சலுக்கு இது எவ்வளவோ தேவலைங்க."

"ரத்தம்?"

"பாக்கணும்ங்க."

பிறகு ஜப்பான்காரன் ஷூ. அகலம் அதிகம். ஊசி போய்விட்டது. எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கிறது என்றார். அதையும் முன்னேற்றம் என்றே சொன்னார். அவருடைய வீட்டில் ஷூ அட்டைப்பெட்டிகள் பரண் வரைக்கும் ஏறி நின்றன.

"கோச், நானும் மூணு கம்பெனி மாத்திட்டேன். நீங்க எந்தக் கம்பெனி நல்லதுன்னு வாயைத் தொறந்து சொல்ல மாட்டேங்கறீங்க."

கோகிலவாணி ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"எங்க டீம்ல அஞ்சு பேருங்ணா. அதுல ஒருத்திக்கு பிரேக் பிடிச்சா கீச்சுன்னு கத்தும். பந்தயத்துல எல்லாரும் திரும்பிப் பாப்பாங்க. அவளுக்கு வெக்கம். பிரேக் கட்டையை மாத்துனா. கத்துச்சு. வேற கட்டை மாத்துனா. அதுவும் கத்துச்சு. கடைசியா ஒரு நாள் சத்தமே இல்ல. எங்களுக்கெல்லாம் ஒரே சந்தோஷம்."

"அப்புறம்?"

"அன்னிக்குக் கோத்தகிரியிலருந்து எறங்குனோம். அஞ்சு பேரு எறங்குனோம். கீழ மேட்டுப்பாளையத்துல நாலு பேரு டீ குடிச்சோம். சத்தம் வரக் கூடாதுன்னு பிரேக் கட்டை பிடிக்கற எடத்துல எண்ணெய் விட்டிருக்கா."

தேவசிகாமணி தன் ஷூவைக் கழற்றித் திருப்பிப் பார்த்தார்.

"அந்தக் கடைசிக் கட்டை, எந்தக் கம்பெனிங்க?"

கோகிலவாணி எழுந்து போய் ஒரு சைக்கிளுக்குக் காற்று அடிக்க ஆரம்பித்தாள்.

நான்காவது ஜோடியை அடுப்பில் வைத்து வேகவைத்துப் போட வேண்டும். நம்பாதவர்கள் விசாரித்துக்கொள்ளலாம். அப்படியும் ஒரு ஷூ உண்டு. சூட்டில் இளகியதும் காலில் மாட்டினால், காலின் அச்சை எடுத்துக்கொள்ளும். மனைவி துளசிமணி கேக் சுடுகிற மின்னடுப்பில் தேவசிகாமணி அதை வைத்தார். அந்த வாரம் பூரா வீட்டில் என்ன தின்றாலும் ரப்பர் ருசி.

"இதுல எறும்பும் இல்லீங்க கோச். பஞ்சு மேல மிதிக்கற மாதிரி மெத்துனு இருக்குது. தரை எங்கிருக்குதுன்னுதான் கொஞ்சம் தெரிய மாட்டேங்குது."

"நேத்து வெளிய போறப்ப செருப்பு போட்டீங்களாண்ணா?"

"போட்டேன்."

"கழட்டுனீங்களா?"

"கழண்டு வாசல்லயே கெடந்திருக்குது. வீட்டுக்குள்ள வந்தப்புறம் துளசி சொல்லித்தான் தெரியும்."

"இடது காலா?"

"இடது காலு."

கோகிலவாணி சுவரில் மாட்டியிருந்த அட்டவணையை எடுத்தாள். யார் எந்த நாளில் எத்தனை கிலோமீட்டர் மிதிக்க வேண்டும் என்று அவள் எழுதி வைப்பது அது. தேவசிகாமணியின் பெயரை அடித்தாள்.

"என்னுங்க இது?"

"ரத்தம் சோதிச்ச சீட்டோட வாங்ணா. அது இல்லாம இங்க வராதீங்க."

"ஷூவைப் பத்திக் கேக்க வந்தவனை ஆஸ்பத்திரிக்கு அனுப்பறீங்க."

"ஆமாங்ணா."

தேவசிகாமணிக்குக் கோபம் வந்தது. மூன்று மாதம் அந்தப் பக்கம் வரவில்லை. தனியாகவே மிதித்தார். பொள்ளாச்சி போனார், உடுமலை போனார்.

நான்காம் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, மைசூர்பாகு டப்பாவோடு வந்து நின்றார். காலில் ஐந்தாவது ஜோடி. கறுப்பு. அடியில் காற்றுப் போகச் சின்னச் சின்ன ஓட்டைகள்.

"சீட்டு எங்கண்ணா?"

"சீட்டு எதுக்குங்க? அதான் கொணமாயிருச்சே. கம்பெனி கெடச்சிருச்சுங்க கோச். எரிச்சல் இல்ல, ஊசி இல்ல, எறும்பு இல்ல, பஞ்சும் இல்ல. ஒண்ணுமே தெரியல. ஷூ போட்ட மாதிரியே இல்லீங்க. முந்தாநேத்து பல்லடம் போய்ட்டு வந்தேன். வர்ற தைக்கு கன்னியாகுமரி. மொதல்ல இனிப்பு எடுத்துக்குங்க."

கோகிலவாணி டப்பாவை வாங்கவில்லை. அவள் மூக்கு சுருங்கியது.

"என்ன வாசம்ங்ணா?"

"புது ஷூ வாசம்ங்க. பசை. நாலு நாளா இருக்குது. போகப் போகச் சரியாயிரும்."

"உக்காருங்க. கண்ணை மூடுங்க."

தேவசிகாமணி பெஞ்சில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். முகத்தில் சிரிப்பு இருந்தது. கோகிலவாணி அவர் முன்னால் தரையில் உட்கார்ந்து இடது ஷூவைக் கழற்றினாள்.

"நான் எந்த வெரலைத் தொடறேன்னு சொல்லுங்க."

"தொடுங்க, சொல்றேன்."

"சொல்லுங்க."

"மொதல்ல சாக்ஸைக் கழட்டுங்க கோச்."

கொட்டகையில் சத்தம் இல்லை.

"ம், தொடுங்க," என்றார் தேவசிகாமணி.

"கண்ணைத் தொறந்துக்குங்க."

அவர் திறந்தார். சாக்ஸ் தரையில் கிடந்தது. அதன் அடி கறுத்து விறைத்திருந்தது. அவருடைய ஐந்து விரல்களும் கோகிலவாணியின் கைக்குள் இருந்தன. அவள் இறுக்கிப் பிடித்திருந்ததில் அவளுடைய கை நரம்பு புடைத்திருந்தது.

அவள் அவர் காலைத் தூக்கிப் பாதத்தைப் பார்த்தாள். பிறகு ஒரு முள்வாங்கியை எடுத்தாள். டயரில் ஏறிய கருவேல முள்ளைப் பிடுங்குவதற்கு அவள் வைத்திருப்பது. ஷூவின் அடி ஓட்டை ஒன்றின் வழியாக ஏறி, உள்ளேயே ஒடிந்திருந்த முள்ளை இழுத்து எடுத்தாள். விரல் நீளம் இருந்தது. அவர் அதை அடுத்தவர் காலிலிருந்து எடுப்பதைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எப்ப ஏறுச்சு?" என்று கேட்டார்.

"நீங்கதாங்ணா சொல்லணும்."

"புதன்கெழம டீ குடிக்கப் புளியமரத்தடியில எறங்குனேன்." முள்ளைக் கையில் வாங்கிப் பார்த்தார். "அதுக்கப்புறம் பல்லடம் போய்ட்டு வந்தனே."

ஆஸ்பத்திரியில் விரல் நுனியில் குத்தி சர்க்கரை பார்த்தார்கள். அந்தக் கருவியில் எண்ணே வரவில்லை. தன் அளவுக்கு மேலே போய்விட்டது என்று மட்டும் காட்டிவிட்டு அணைந்தது. பல வருஷமாக இருந்திருக்கும் என்றார் டாக்டர். உடனே இடது காலில் இரண்டு விரலை எடுத்தார்கள். விஷம் நிற்கவில்லை. ஒன்பதாம் நாள் கணுக்காலுக்கு மேலே, முழங்காலுக்கு ஒரு சாண் கீழே காலையே எடுத்தார்கள்.

கோகிலவாணி தினமும் வந்தாள். வெளியே வராந்தாவில் நிற்பாள். ஒரு நாள் துளசிமணி அவளருகே வந்து நின்றார்.

"ஏங் கண்ணு, அந்த மனுசனுக்குத்தான் புத்தியில்ல. நீ என்னைக் கூப்புட்டு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? தலையில ரெண்டு கொடம் தண்ணியை ஊத்தியாச்சும் இழுத்துட்டுப் போயிருப்பேன்."

கோகிலவாணியிடம் அதற்குக் கதை எதுவும் இல்லை.

மூன்றாவது வாரம் அவளை உள்ளே விட்டார்கள். தேவசிகாமணி பாதியாக இளைத்திருந்தார். போர்வைக்கு அடியில் வலப்பக்கம் நீளமாகவும் இடப்பக்கம் குட்டையாகவும் தெரிந்தது.

"வாங்க கோச்."

"எப்படி இருக்கீங்ணா?"

"இருக்கேன்." கூரையைப் பார்த்தார். "கட்டைக்கால் வச்சுக்கலாம்ங்கறாங்க. அதுலயும் நாலஞ்சு கம்பெனி இருக்குதாம்."

இரண்டு பேரும் சிரிக்கவில்லை.

நர்ஸ் வந்து ஊசி போட்டுவிட்டுப் போனாள். தேவசிகாமணி பல்லைக் கடித்தார். ஊசிக்காக அல்ல. போர்வைக்குள் கையை விட்டு வலது பாதத்தைத் தேய்த்தார்.

"என்னுங்ணா?"

"எரியுதுங்க. இந்தக் காலு. நாலு நாளாத் தாங்க முடியல. போர்வை பட்டாக்கூட நெருப்பு பட்ட மாதிரி இருக்குது." அவர் கண்ணில் நீர் நின்றது. "டாக்டருகிட்டச் சொன்னேன். சர்க்கரை குறையக் குறைய எரிச்சல் வரும், பொறுத்துக்குங்கன்னுட்டாரு. எப்படிங்க பொறுக்கறது? ஒரு கால்தான் மிச்சம். அதையும் தூக்கி எறிஞ்சா நிம்மதின்னு தோணுது."

கோகிலவாணி போர்வையை விலக்கினாள். வலது கட்டைவிரலை ஒரு விரலால் தொட்டாள். தேவசிகாமணி துள்ளிக் காலை இழுத்துக்கொண்டார். அவள் அந்தக் காலையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"கோச்," என்றார் அவர். குரல் இறங்கியிருந்தது. "எரியாம இருக்க ஏதாவது ஒண்ணு இருந்தாச் சொல்லுங்க. இந்தத் தடவை நீங்க சொன்னதை அப்படியே கேக்கறேன்."

"இருக்குதுங்ணா."

"என்ன?"

"ஒண்ணுமே தெரியலன்னீங்களே, அந்த அஞ்சாவது ஜோடியில வலது ஷூ என் கொட்டகையிலதான் கெடக்குது. எடுத்துட்டு வரட்டுங்களா?"