தூங்காத மூக்கனின் இமை

கோரைக்குளத்தில் மூக்கன் என்றொரு எருமைக்கடா இருந்தான். பிறந்ததிலிருந்தே அவனுடைய மேலிமைகள் இரண்டும் முக்கால்வாசிக் கண்ணை மறைத்துத் தொங்கிக் கிடந்தன. விழித்திருந்தாலும் தூங்குகிற மாதிரியே இருப்பான்.

அந்தக் குளத்தில் ஒரு வழக்கம் உண்டு. தூங்குகிறவரை யாரும் எழுப்ப மாட்டார்கள். நல்ல வழக்கம்தான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் மூக்கனை அது பாடாய்ப் படுத்தியது.

"ஸ்ஸ்! மூக்கன் தூங்குறான். வாங்க, அந்தப் பக்கம் போய்ப் பேசுவோம்!" என்று மான்கள் நகர்ந்துவிடும்.

"நான் தூங்கலையே!" என்பான் மூக்கன்.

"ஐயோ பாவம், தூக்கத்துல உளர்றான்!" என்று அவை இன்னும் மெதுவாக நடக்கும்.

சரி, எழுந்து போய்ப் பேசலாமே என்கிறீர்களா? அதையும் செய்து பார்த்தான். எதிரில் நிற்பவர் தெரிய வேண்டுமானால், அவன் முகவாயை வானத்துக்குத் தூக்கி, இமைக்குக் கீழே உள்ள சந்து வழியாகப் பார்க்க வேண்டும். அப்படித்தான் ஒருநாள் நரியிடம் போய், "சௌக்கியமா?" என்று கேட்டான்.

"அடேயப்பா, திமிரைப் பாரு! மூக்கை எங்கே வச்சுக்கிட்டுப் பேசுறான் பாரு!" என்று நரி முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டது.

படுத்தால் தூங்குமூஞ்சி, நடந்தால் திமிர் பிடித்தவன். என்னதான் செய்வான் அவன்? மற்ற எருமைகள் சேற்றில் முதுகோடு முதுகு உரசிக் கிடக்கும்போது, மூக்கன் ஓரமாகத் தனியே கிடப்பான். பேச ஆளில்லாமல் பொழுது போய்விடும். சில சமயம் தண்ணீரில் தெரியும் தன் முகத்தைப் பார்த்து, "சாப்பிட்டியா?" என்று தானே கேட்டுக்கொள்வான். அழுகை அழுகையாக வரும்.

இப்படி இருக்கையில் ஒருநாள் கிழட்டு யானை வேலப்பன் தண்ணீர் குடிக்க வந்தது. வயதாகி, அதன் இமைத் தோல் மடிப்பு மடிப்பாகக் கண்ணின் மேல் சரிந்திருந்தது ஊருக்கே தெரியும். இன்றைக்கோ கண் பளிச்சென்று திறந்திருந்தது!

"அண்ணே! என்ன பண்ணினீங்க?" என்று மூக்கன் பதறிப்போய்க் கேட்டான்.

"நண்டு வைத்தியர் தொங்கின தோலை நறுக்கி எடுத்துட்டாருப்பா! இப்போ அக்கரையில போற எறும்புகூடத் தெரியுது!"

அவ்வளவுதான்! மூக்கன் சேற்றை வாரியிறைத்துக்கொண்டு பாறை இடுக்குக்கு ஓடினான். நண்டு அங்கே கொடுக்கைத் தீட்டிக்கொண்டிருந்தது.

"வைத்தியரே! யானை அண்ணனுக்குச் செஞ்சதையே எனக்கும் செய்யுங்க!"

"கொஞ்சம் இரு, முதல்ல கண்ணைப் பார்க்கணும்..."

"பார்க்கிறதுக்கு என்ன இருக்கு? அவருக்கும் தொங்கிச்சு, எனக்கும் தொங்குது. வெட்டுங்க!"

நண்டுக்கும் யானையைக் குணப்படுத்திய பெருமை தலைக்கேறியிருந்தது. மரத்துப்போகச் செய்யும் பச்சிலையைத் தடவி, இடது இமையில் ஒரு கீற்றுத் தோலை நறுக்கி எடுத்துவிட்டது.

காயம் ஆறியது. ஆனால் இமை பழைய இடத்திலேயே கிடந்தது. ஒரு மயிரிழைகூட மேலே ஏறவில்லை.

"இன்னும் கொஞ்சம் வெட்டுங்க," என்றான் மூக்கன்.

"வேண்டாம்ப்பா. எனக்கே பயமாயிருக்கு."

"கண்ணு போனாலும் போகட்டும் வைத்தியரே! யாராவது ஒருத்தர் என் பக்கத்துல உட்கார்ந்து நாலு வார்த்தை பேசினா போதும். எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்!"

 அதைக் கேட்டதும் நண்டு கொடுக்கை மடக்கிக்கொண்டு, அத்திமரத்தைப் பார்த்துக் குரல் கொடுத்தது. அங்கே இலைகளைச் சேர்த்துத் தைத்துக் கூடு கட்டும் தையல்சிட்டு இருந்தது. வெட்டுக்கு நண்டு என்றால், தையலுக்குச் சிட்டுதான் அந்தக் காட்டில் வைத்தியர்.

சிட்டு பறந்து வந்து மூக்கனின் நெற்றியில் உட்கார்ந்தது. இரண்டு கால்களாலும் புருவத்தை அசையாமல் அழுத்திக்கொண்டது.

"கீழே பாரு, தம்பி. ம்... இப்போ மேலே பாரு!"

மூக்கன் முக்கி முக்கிப் பார்த்தான். இமை அசையவே இல்லை.

"யானைக்கு இமையைத் தூக்குற தசை நல்லா இருந்துச்சு. பாரமா இருந்தது தோல்தான், வெட்டினதும் திறந்துடுச்சு," என்றது சிட்டு. "உனக்குப் பிறவியிலேயே தசைக்குப் பலமில்லை. தோலை எத்தனை தடவை வெட்டினாலும் இமை ஏறாது. கடைசியில மூடுறதுக்குத் தோல் பத்தாம, கண்ணு காய்ஞ்சு புண்ணாகிப் பார்வையே போயிடும்!"

"அப்போ எனக்கு வழியே இல்லையா?"

"யார் சொன்னா? இத்தனை நாளா நெற்றியைச் சுருக்கிச் சுருக்கியே பார்த்திருக்கே. அந்த நெற்றிக்கு நல்ல பலம் இருக்கு. இமையை உள்ளுக்குள்ளே நூலால அதோட சேர்த்துத் தைச்சுடறேன். புருவத்தைத் தூக்கினா இமையும் ஏறும். ஆனா தூங்கும்போது கண்ணு முழுசா மூடாது, கொஞ்சம் திறந்தே கிடக்கும். காயாம இருக்க, படுக்கப் போகும்போதெல்லாம் யாராவது கண்ணுல தண்ணி விடணும். உனக்கு யாரு இருக்கா?"

மூக்கன் தலையைக் குனிந்துகொண்டான். அவனுக்கு யார் இருக்கிறார்கள்?

"நான் விடறேன்," என்றது நண்டு. "சோதிக்காம வெட்டினவன் நான்தானே!"

சிட்டு தைத்தது. இடது இமையில் தோல் குறைந்துபோனதால் அதைக் கொஞ்சமாகத்தான் தூக்க முடிந்தது. வலது கண் நன்றாகத் திறந்தது. ஆனாலும் மூக்கனிடம் யாரும் வந்துவிடவில்லை. பழகிப்போன கால்கள் அவனை விட்டு விலகியே நடந்தன. நண்டு மட்டும் வந்து கண்ணில் இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டுவிட்டுப் போகும்.

ஒருநாள் உச்சிவெயிலில் மூக்கன் அயர்ந்து தூங்கிவிட்டான். இமைகள் பாதி திறந்தே கிடந்தன. அந்தப் பக்கமாக வந்த நரி நின்று பார்த்தது.

"அட, முழிச்சுக்கிட்டுத்தான் இருக்கியா? மூக்குக்கூடக் கீழே இருக்கே!" என்று பக்கத்தில் உட்கார்ந்தது. "உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்ப்பா. என் பொஞ்சாதி செத்ததிலிருந்து குகைக்குள்ளே போகவே பிடிக்கலை. யார்கிட்ட சொல்றது?"

பேச்சுக் குரலில் மூக்கனுக்கு விழிப்பு வந்தது. நரி சட்டென்று எழுந்தது. "ஐயையோ! தூங்கிட்டிருந்தியா? எழுப்பிட்டேனா?"

மூக்கன் புருவத்தை உயர்த்தி அதன் முகத்தை நேராகப் பார்த்தான்.

"இல்லையே! நான் தூங்கலையே. நீ உட்காரு, சொல்லு," என்றான்.

இமை எதனால் தொங்குகிறது என்று சோதிக்காமல் அடுத்தவருக்குப் பலித்த வைத்தியத்தைக் கேட்கக் கூடாது. இமை தொங்குகிறது என்பதற்காக ஒருவரைத் தூங்குகிறவர் என்று விட்டுவிட்டுப் போகவும் கூடாது.