ஒரு முறம் தவிடு

மடத்தில் வந்து சேர்கிறவர்களுக்கெல்லாம் குரு புதுப் பெயர் வைப்பார். பழைய பெயர் வாசலோடு போய்விடும். தவுடனுக்கு மட்டும் அது நடக்கவில்லை. தலை நரைக்கத் தொடங்கியும் அவன் தவுடன்தான்.

போன மாதம் வந்தவனுக்குப் பரஞ்சோதி என்று பெயர் கிடைத்தது. பெரிய வீட்டுப் பிள்ளை. அடுப்பில் புகை கிளம்பினாலே இருமுகிறவன்.

மத்தியானப் பந்தியில் யாரோ, "பரஞ்சோதிக்கு ரசம் ஊத்துங்க தவுடரே" என்றார். இரண்டு பேர் சிரித்தார்கள். தவுடன் ரசம் ஊற்றினான். பரஞ்சோதியின் இலைக்கு அப்பளம் வைக்க மட்டும் மறந்துபோனான்.

சாயங்காலம் குரு கொட்டிலில் கன்றுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். தவுடன் போய் நின்றான்.

"சாமி, எனக்கு எப்போ பேர் வைப்பீங்க?"

"உனக்குத்தான் ஒண்ணு இருக்கே."

"அது பேரா சாமி? மாட்டுத் தீனி."

குரு கன்றின் கழுத்தைச் சொறிந்துவிட்டார். "யார் வச்சது?"

"அத்தை."

"அத்தையா?"

"என்னைப் பெத்தவங்களைத்தான் அப்படிச் சொல்றேன். எனக்கு முன்னாடி பிறந்தது எதுவும் தங்கல. நான் பிறந்ததும் பக்கத்து வீட்டுக்காரிகிட்ட ஒரு முறம் தவிட்டுக்கு வித்துட்டாங்க. தவிட்டு விலைக்குப் போன பிள்ளைதானேன்னு சாவு கண்டுக்காம போயிடுமாம்."

"அப்புறம்?"

"மறுநாளே தூக்கிட்டு வந்துட்டாங்க. ஆனா வித்தது வித்ததுதான். சாகற வரைக்கும் அத்தைன்னுதான் கூப்பிடணும். காய்ச்சல்ல ஒரு தடவை வாய் தவறி, மத்த பிள்ளைங்க கூப்பிடற மாதிரி கூப்பிட்டுட்டேன். என் வாயைப் பொத்திக்கிட்டு வாசலைப் பார்த்தாங்க."

"முன்னாடி பிறந்தவங்களுக்கு என்ன பேர்?"

"ராசேந்திரன். அவனுக்கு அடுத்து செல்வகுமரன்."

"நல்ல பேர்."

தவுடன் கன்றின் கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்டினான்.

"இருந்தாலும் சாமி, அவனுக்குப் பரஞ்சோதி, எனக்கு இது" என்றான். "அவனைக் கூப்பிடறப்பல்லாம் எனக்கு வயிறு எரியுது."

"சரி. இந்தப் பேரை வித்துடு. நாளைக்குப் புதுசு வைக்கிறேன்."

"இதை யார் சாமி வாங்குவா?"

குரு கொட்டிலுக்கு வெளியே நின்றவனைப் பார்த்து, "உள்ள வாப்பா" என்றார்.

பரஞ்சோதி வந்தான். கையில் ஒரு முறம். முறம் நிறையத் தவிடு. மாட்டுக்குத்தான் என்று நினைத்துத் தவுடன் ஒதுங்கி வழிவிட்டான். பரஞ்சோதி அவன் முன்னாலேயே நின்றான்.

"எங்க வீட்டுல மூத்த பேரனுக்கெல்லாம் தாத்தா பேர்தாண்ணே. ஒரு குரல் குடுத்தா நாலு பேர் திரும்புவோம். நான் பிறக்கறதுக்கு முன்னாடியே அந்தப் பேர் இருந்துச்சு. இங்க சாமி வச்ச பேரும் எனக்கு முன்னாடி ஒருத்தர் வச்சிருந்ததாம்."

"அதுக்கு?"

"உங்க கதையைச் சமையல்கட்டுல சொன்னாங்க. அன்னியிலேர்ந்து உங்களைப் பார்க்கவே பிடிக்கலண்ணே. எனக்காக ஒருத்தரும் எதுக்கும் பயந்ததில்ல." முறத்தைக் கீழே வைத்தான். "சாமிகிட்ட கேட்டேன், உங்ககிட்டயே கேக்கச் சொன்னாரு. உங்க பேரை எனக்குக் குடுத்துடுங்க."

தவுடனுக்கு முகம் சிவந்தது. "இருக்கிறது பத்தாதுன்னு இதுவும் உனக்கே வேணுமா?"

"சும்மா கேக்கலண்ணே. அதே ஒரு முறம்."

"வித்த விலைக்கெல்லாம் வராது."

"வேற என்ன விலை?" என்றான் பரஞ்சோதி.

தவுடன் குருவைப் பார்த்தான்.

"என்னை ஏன் பார்க்கிறே?" என்றார் குரு. "மறுநாள் உன்னைத் திருப்பி வாங்கினாளே, அவ என்ன குடுத்தா? அதைச் சொல்லு."

தவுடன் வாயைத் திறந்தான். காய்ச்சலில் ஒரே ஒரு தடவை அவளைக் கூப்பிட்ட அந்த வார்த்தை அவனுக்குச் சொல்லிப் பழக்கமில்லை.

குனிந்து, "இது கன்னுக்கு" என்று முறத்தைக் கன்றின் பக்கம் தள்ளிவிட்டான்.