கரும்பலகையில் மூன்றாவது வழி

எங்கள் வகுப்பு இன்னும் தீர்த்துக்கொள்ளாத ஒரு சண்டை இருக்கிறது. படிப்பு முடிந்து மூன்று வருடங்களாகியும், எந்தத் தோழியின் கல்யாணத்தில் கூடினாலும் பந்தி முடிவதற்குள் அது தொடங்கிவிடும். நீங்களும் கேட்டுவிட்டு ஒரு பக்கம் உட்காருங்கள்.

தாமிரபரணிக் கரை நகரம் ஒன்றில் ஒரு பெண்கள் கல்லூரி. அதில் கணித ஹானர்ஸ் வகுப்பில் நாங்கள் பதினோரு பேர். மற்றத் துறையினர் எங்களை நூலகத்துக் கரையான்கள் என்பார்கள். கேன்டீனில் நாங்கள் வரிசையில் நின்றால், "வழி விடுங்கட்டி, கரையானுக்குப் பசிக்குது" என்று கேலி செய்வார்கள். அப்படிப்பட்ட வகுப்பு, இறுதியாண்டில் த்ரோபால் இறுதிப் போட்டிக்கு வந்தது. கல்லூரி வரலாற்றிலேயே அது முதல் முறை. அணியின் தலைவி செண்பகவடிவு.

அவளும் ஹமீதாவும்தான் வகுப்பில் முதலிடம். ஐந்து பருவங்களின் மதிப்பெண்களைக் கூட்டினால் இருவருக்கும் ஒரே எண். எம்.எஸ்ஸி. படிப்பு முழுவதற்குமான தகுதி உதவித்தொகை ஒன்றே ஒன்று இருந்தது. அது கிடைக்காவிட்டால் மேற்படிப்பு இல்லை என்று இருவர் வீட்டிலும் சொல்லிவிட்டார்கள். ஆகவே வாய்மொழித் தேர்வு வைத்து ஒருத்தியைத் தேர்ந்தெடுக்க முடிவாயிற்று.

அந்தத் தேர்வுக்கு எங்கள் துறையில் ஒரு வழக்கம் உண்டு. மாணவி ஒரு சீட்டை எடுத்து, அதிலுள்ள கணக்கைப் பலகையில் செய்துகாட்ட வேண்டும். அவளாக "முடிந்தது" என்று சொல்லும்வரை பலகை அவளுடையது. யாரும் நிறுத்தச் சொல்லமாட்டார்கள். ஆனால் எழுதியது எல்லாமே மதிப்பிடப்படும். சரியான மாற்று வழிக்கு மதிப்பெண் கூடும், தவறுக்குக் குறையும். முறை வரும்போது ஆள் இல்லாவிட்டால் வாய்ப்பு போயிற்று.

போட்டி காலை எட்டரைக்கு, தேர்வு பத்தரைக்கு. முதலில் ஹமீதா, பிறகு செண்பகவடிவு. நேரம் தாராளமாக இருந்தது. ஆனால் போட்டியைத் தொடங்கி வைக்க வேண்டிய சிறப்பு விருந்தினர் பத்து மணிக்குத்தான் வந்தார். வந்தவர் இருபது நிமிடம் பேசினார். அணியில் பதிந்திருந்த ஒரே மாற்று ஆட்டக்காரிக்குக் கணுக்கால் சுளுக்கு. செண்பகவடிவு கிளம்பினால் அணியில் ஆறு பேர்தான். ஆடாமலே தோற்றதாக அறிவித்துவிடுவார்கள்.

"நீ போ, நாங்க பாத்துக்கிடுதோம்" என்றோம், எப்படிப் பார்த்துக்கொள்வது என்று தெரியாமலே.

"வாய மூடிக்கிட்டு இடத்துல போய் நில்லுங்கட்டி" என்றாள் அவள்.

மாடியில் ஹமீதா சீட்டை எடுத்தாள். ஒரு முடிவிலித் தொடர் எந்த எண்ணை நெருங்குகிறது என்று நிறுவ வேண்டும். இருபது நிமிடத்தில் விடையைச் சுற்றிக் கட்டமும் போட்டுவிட்டாள். திரும்பிப் பார்த்தாள். அடுத்த நாற்காலி காலியாக இருந்தது. ஜன்னல் வழியே மைதானமும், அதில் இரண்டாவது செட் ஆடிக்கொண்டிருந்த நாங்களும் தெரிந்தோம்.

"முடிஞ்சுதாம்மா?" என்று கேட்டார் துறைத் தலைவர் அற்புதமணி மேடம்.

"இல்ல மேடம். இன்னொரு வழி இருக்கு."

இரண்டாவது வழி நன்றாகவே வந்தது. நாற்காலி அப்போதும் காலி. "இன்னும் ஒண்ணு, மேடம்" என்றாள். மேடமும் ஒருமுறை ஜன்னலைப் பார்த்தார். புதிய சாக்பீஸ் ஒன்றை எடுத்து நீட்டினார். மூன்றாவது வழியை ஹமீதா முன்பு செய்து பார்த்ததில்லை. பலகையின் கடைசி ஓரம்வரை எழுதினாள். கீழிருந்து எங்கள் கூச்சல் கேட்டது, வென்றுவிட்டோம். படிக்கட்டில் ஓடிவரும் காலடிச் சத்தம் கேட்ட பிறகே "முடிந்தது" என்றாள்.

முழங்கை வரை செம்மண்ணோடு செண்பகவடிவு உள்ளே வந்தாள். தன் கணக்கைத் தொடங்குமுன் பலகையை அவளே அழிக்க வேண்டியிருந்தது. முதல் வழியின் விடையைச் சுற்றியிருந்த கட்டத்தைப் பார்த்தாள். மூன்றாவது வழியின் நடுவில் ஒரு கழித்தல் குறி விடுபட்டிருந்ததையும் பார்த்தாள். நடந்தது அவளுக்குப் புரிந்துவிட்டது.

முதல் வழிக்கு ஹமீதாவுக்குக் கிடைத்தது நாற்பத்தைந்து. இரண்டாவதற்கு இரண்டு கூடியது. மூன்றாவதற்கு மூன்று குறைந்தது. ஆக நாற்பத்து நான்கு. செண்பகவடிவுக்கு நாற்பத்தைந்து.

மதிப்பெண் வாசித்தபோது நாங்களும் வாசலில் நின்றோம். செண்பகவடிவு மேடத்திடம் நேராகச் சொன்னாள்: "அந்த மூணு மார்க் எனக்காகக் காத்திருந்ததுல போனது மேடம். அதைத் திருப்பிப் போடுங்க. உதவித்தொகை ஹமீதாவுக்குத்தான்."

ஹமீதாவுக்குக் கோபம் வந்து அன்றுதான் பார்த்தோம். "ஏட்டி, தப்பா எழுதுனது நான். என் தப்புக்கும் நீயே சொந்தம் கொண்டாடுதியா? கப்பு வாங்குன திமிரா?"

அற்புதமணி மேடம் இருவரையும் பார்த்துவிட்டு, "பலகையில் இருந்ததைத்தான் நான் எழுத முடியும்" என்று பட்டியலில் கையெழுத்திட்டார்.

காத்திருந்தவள் ஒருத்தி, கிடைத்ததை வேண்டாம் என்றவள் ஒருத்தி, எல்லாம் தெரிந்தும் பலகையை மட்டுமே மதிப்பிட்டவர் ஒருவர். மதிப்பெண்ணைத் திருப்பிப் போடலாமா, கூடாதா? இந்த மூவரில் யார் பக்கம் நியாயம்?

என் விடை: ஹமீதாவின் பக்கம். மேடம் விதியைச் சொன்னார். ஹமீதா காரணத்தைச் சொன்னாள். காத்திருந்த நேரத்தில்தான் இரண்டாவது வழியும் பிறந்தது. அதற்குக் கூடிய இரண்டு மதிப்பெண் ஹமீதாவின் திறமை என்றால், மூன்றாவதில் குறைந்த மூன்றும் அவளுடையதுதான். மூன்றாவது வழி சரியாக வந்திருந்தால், அதில் பங்கு கேட்டுச் செண்பகவடிவு வந்திருப்பாளா? ஹமீதா தோழிக்குக் கொடுத்தது நேரத்தை. கணக்கை அவள் தனக்காகத்தான் போட்டாள். அதைத் தானம் என்று சொன்னால் அவள் கணக்குப் போட்டதாகவே ஆகாது. அந்த ஆண்டு எம்.எஸ்ஸி. சேர்ந்தவள் செண்பகவடிவு, ஹமீதா பி.எட். படிக்கப் போனாள். விடுபட்ட கழித்தல் குறியை மட்டும் அவள் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை.